கல்லு ரெண்டு பேருக்கும், புல்லு ஒருத்தருக்கு: ஒரு கொறங்காட்டுப் பாறை கேஸ்

காங்கயத்துக்கும் வெள்ளகோயிலுக்கும் நடுவுல ஒரு ஊரு, பேரு வேண்டாம். அங்க 14 ஏக்கரா கொறங்காடு, அதாவது மாடு ஆடு மேயறதுக்குன்னே வேலி போட்டு விட்ட பூமி, அதுல 3 ஏக்கரா போல பாறை. பாறைன்னா ஒரேடியா மொட்டப்பாறை இல்லீங்க, வெடிப்புல எல்லாம் கொழுக்கட்டைப்புல்லு மொளச்சு நிக்கும், மழ பேஞ்சா பள்ளத்துல தண்ணி நிக்கும், அந்தத் தண்ணி தீர்ற வரைக்கும் மாடும் ஆடும் தொட்டிக்கு வராது. 1968ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு பாகம் பிரிச்சாங்க. தோட்டம், கெணறு, வீடு, கட்டுத்தரை எல்லாம் சரியா ரெண்டா பிரிஞ்சுருச்சு. கொறங்காட்டத் துண்டு போட்டா மேய்ச்சலே கெட்டுப்போயிரும்னு அது முச்சூடும் அண்ணனுக்கு, அதுக்கு ஈடா தெக்கால இருந்த நல்ல பூமி எச்சாத் தம்பிக்கு. ஆனா பாறையில இருக்கற கல்லுக்கு மட்டும் தம்பி ஒத்துக்கல. அதனால பத்திரத்துல இப்படி ஒரு வரி வந்துச்சு: "மேற்படி பூமியில் உள்ள பாறையில் கல் எடுத்துக்கொள்ளும் பாத்தியம் இருவருக்கும் சரிபாதி பொதுவாகவும், மேய்ச்சல் அனுபோகம் 'ஏ' ஷெடியூல்தாரருக்கு மட்டுமாகவும், கல் கொண்டுபோக இட்டேரித் தடம் வழியாக வண்டி ஓட்டிக்கொள்ள வேண்டியது."

'ஏ' ஷெடியூல்தாரர்னா அண்ணன். அவ்வளவுதான் கேஸே. மேல புல்லு ஒருத்தருக்கு, கீழ கல்லு ரெண்டு பேருக்கு, போக வர ஒரு தடம். அம்பது வருசத்துக்கு மேல ஒரு சத்தமும் இல்ல. ரெவின்யூ கணக்குல பாறை இருக்கற உட்பிரிவு கூட்டுப் பட்டாவாவே இருந்துச்சு, யாரும் கண்டுக்கல.

இப்ப இருக்கறவங்க அவங்க பசங்க, இனிமே அண்ணன், தம்பின்னு நான் சொல்றது இவங்களத்தான். மூத்தவரு வீட்டுப் பையனுக்கே அறுவது தாண்டிருச்சு, காங்கயம் மாடு நாலு, செம்மறி ஒரு பட்டி, கொறங்காடுதான் அவருக்குப் பொழப்பு. எளையவரு வீட்டுப் பையன் திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்காரு, ஆர்டர் சரியில்ல, கடன். கிரஷர்க்காரங்க ஒருத்தங்க பாறையப் பாத்துட்டு வந்து டன்னுக்கு இவ்வளவுன்னு பேசிட்டாங்க. தம்பி அண்ணன் கிட்ட வந்து "ஏனுங்ண்ணா, எம்பட பாதியத்தான கேக்கறேன், உங்க புல்ல நான் தொடலீங்களே"ன்னாரு. அண்ணன் "ஏப்பா, புல்லத் தொடாம கல்ல எப்படி எடுப்ப, அந்தரத்துல நின்னுட்டா"ன்னு கேட்டாரு. ரெண்டு பக்கமும் வக்கீல வெக்கறதுக்கு முன்னாடி பத்திரத்தப் படிச்சு ஒப்பீனியன் எழுதச் சொல்லி என்கிட்ட வந்தாங்க, நான் இங்க பேங்க் லோனுக்கும் கிரயத்துக்கும் வில்லங்கம், மூலப்பத்திரம் பாத்து எழுதிக் கொடுக்கற ஆளு. அவங்க சம்மதத்தோடதான் இத எழுதறேன், அடையாளம் தெரியற மாதிரி இருந்தத மாத்தியிருக்கேன்.

மொதல்ல எல்லாரும் கேக்கற கேள்வி, பூமிக்கு அடியில இருக்கறது கவர்மெண்டுது தான, அப்பறம் இவங்க எதுக்கு அடிச்சுக்கறாங்கன்னு. அப்படி ஒரே வார்த்தையில முடியற விசயம் இல்லீங்க. 2013 ஜூலை 8ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு மூணு நீதிபதி பெஞ்சு, பாலக்காட்டுக் கணவாய்க்கு அக்கட்ட இருக்கற மலபார்ல ஜென்மிங்கற பரம்பரை பூமிக்காரங்க நிலம் சம்பந்தமான கேஸ்ல, நாட்டுல இருக்கற கனிமம் எல்லாமே சர்க்காருக்குத்தான் சொந்தம்னு சொல்ற சட்டம் எதுவும் இல்ல, சர்க்கார் சட்டப்படி தன் கைக்கு எடுத்துக்காத வரைக்கும் அடியில இருக்கறது சாதாரணமா பூமிக்காரனோடயே போகும்னு சொல்லிருச்சு. ஆனா பழைய ஜமீன், இனாம் பூமின்னா கதை வேற, 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துலயே கனிமம், கல்லுக்குழி எல்லாம் சர்க்காருக்கு மாறிருச்சுன்னு நேரா எழுதியிருக்கு, ஊத்துக்குளி, புரவிபாளையம், சமத்தூர்னு ஜமீன் இருந்த பொள்ளாச்சிப் பக்கம் பூமி வாங்கறவங்க இதப் பாத்துக்கணும். நம்ம கேஸு பூமி பரம்பரையா ரயத்துவாரி, அதாவது நடுவுல ஜமீன் இல்லாம வெவசாயியே சர்க்காருக்கு நேரா தீர்வை கட்டற பூமி. எப்படி இருந்தாலும் சொந்தக்காரனே ஆனாலும் இஷ்டத்துக்கு ஒடைக்க முடியாது, 1957 கனிமச் சட்டத்துல 15வது பிரிவு, அதுக்குக் கீழ தமிழ்நாடு சிறுகனிம விதிகள் 1959, சர்க்கார் கிட்ட குத்தகை வாங்கணும், எடுக்கற கல்லுக்கு சீனியரேஜ்ங்கற கட்டணம் கட்டணும், லோடு கொண்டுபோற அனுமதிச் சீட்டு, அதான் நடைச்சீட்டு, இல்லாம ஒரு லோடு வெளிய போகக் கூடாது. 2012 பிப்ரவரியில தீபக் குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுக்கு அப்பறம் 5 ஹெக்டேருக்குக் கம்மியா இருக்கற குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும். பட்டா பூமியில குவாரின்னா பட்டாதாரர் சம்மதம் வேணும், கூட்டுப் பட்டான்னா எல்லாரும் கையெழுத்துப் போடணும்.

ஆக அண்ணன் கையெழுத்து இல்லாம ஃபைல் நவுறாது. தம்பிக்கு அதுதான் வெசனம்.

இங்கதான் எனக்கு இந்தக் கேஸ் புடிச்சுப் போச்சு. பொதுவா நம்மூர்ல ஆளுங்க சண்டை போடறது "யாருது"ங்கற கேள்விக்கு. இங்க அதுல சண்டையே இல்ல, பத்திரம் தெளிவா இருக்கு, கல்லுல பாதி தம்பிக்குத்தான். கேள்வி என்னன்னா 1968ல கல் எடுக்கறதுன்னா என்ன அர்த்தத்துல எழுதினாங்க? அப்ப கல்லு எடுத்தவங்க உளியும் சம்மட்டியும் வெச்சு கெணத்துக்குக் கட்டுக்கல்லு, வேலிக்குக் கல்லுக்கால், வாசப்படி, ஆட்டாங்கல்லு இதுக்குத்தான் எடுத்தாங்க. வாரத்துக்கு ரெண்டு மாட்டு வண்டி போனா எச்சு. இப்ப வர்றது கம்ப்ரஸர், வரிசையா குழி போட்டு வெடி, பொக்லைன், 16 டன் டிப்பர். அதே பாத்தியம்தானா இது?

இதே கேள்வி அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல நம்மள விடப் பெருசா வெடிச்சிருக்கு. அங்க மலைப்பக்கத்துச் சனங்க 1900 வாக்குல ஏக்கருக்கு அம்பது செண்ட், ஒரு டாலர்னு அடிமாட்டு வெலைக்கு அடியில இருக்கற நிலக்கரிய மட்டும் எழுதிக் கொடுத்துட்டாங்க, மேல வீடு, காடு, வெள்ளாமை அவங்களுது. அன்னைக்கு நிலக்கரின்னா பொடவு போட்டு உள்ள போய் எடுக்கறது. அப்பறம் பெரிய பெரிய மெசினு வந்துச்சு, மலையவே மேல இருந்து சுரண்டி எடுக்க ஆரம்பிச்சாங்க, வீடு மேல மண்ணு சரியுது, சுடுகாடு போவுது. 1956ல அந்த மாநிலத்து பெரிய கோர்ட்டு கம்பெனி பக்கம் தீர்ப்புக் கொடுத்துச்சு, 1968ல மறுபடியும் அதையே உறுதி பண்ணுச்சு, நம்ம பத்திரம் எழுதின அதே வருசம். நடுவுல 1965ல ஒரு விதவையம்மா தன் காட்டுல புல்டோசர் முன்னாடி உக்காந்து போலீஸ் வந்து கைகால் புடிச்சுத் தூக்கிட்டுப் போன போட்டோ நாடு பூரா வந்துச்சு. கடைசியில 1988ல சனங்களே ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்தாங்க, நூத்துக்கு எம்பது பேருக்கு மேல ஆதரவு. பத்திரத்துல எந்த முறையில எடுக்கறதுன்னு எழுதாம இருந்தா, எழுதின காலத்துல அந்தப் பகுதியில நிலக்கரி எடுக்கறதுக்கு எந்த முறை வழக்கத்துல தெரிஞ்சிருந்துச்சோ அதுல மட்டும்தான் எடுக்கலாம்னு வெச்சுக்கணும். 1993ல அதே கோர்ட்டு அந்தத் திருத்தம் செல்லும்னு சொல்லி பழைய தீர்ப்பு ரெண்டையும் தூக்கிப் போட்டுருச்சு.

இத அண்ணன் கிட்ட சொன்னதும் அவருக்கு சந்தோசம் தாங்கல, "அப்ப உளி கொண்டாந்து எடுக்கச் சொல்லுங்க"ன்னுட்டாரு. நான் ஒடனே சொல்லிட்டேன், அண்ணா, அது கென்டக்கி, நம்ம ஊர்ல அப்படி ஒரு சட்டம் கிடையாது, சப்கோர்ட்டுல போய் நின்னா பதினஞ்சு வருசம் ஓடும், ஜெயிச்சாலும் தோத்தாலும் பங்காளி மொகம் பாக்க முடியாது.

ஆனா தடம் விசயத்துல நம்ம சட்டமே கையில இருக்கு. 1882 ஈஸ்மெண்ட் சட்டம் 23வது பிரிவு, தடம் பாத்தியம் இருக்கறவன் அத அனுபவிக்கற விதத்த மாத்திக்கலாம், ஆனா தடம் விட்டுக் கொடுத்தவனோட பூமி மேல கூடுதல் சொமை ஏத்தக் கூடாது. மாட்டு வண்டிக்கு விட்ட இட்டேரியில டிப்பர் ஓட்டினா அது கூடுதல் சொமையா இல்லயா? எந்த முன்சீப் கோர்ட்டுலயும் இதுக்கு அண்ணன் பக்கம் பேச நல்ல எடம் இருக்கு.

இட்டேரி தெரியாதவங்களுக்கு: ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல ஒரு வண்டி போற அகலம். இந்தக் காட்டுல வேலி நாலு தலைமுறை பழசு, முள்ளுக்கிளுவை குச்சிய நட்டு நட்டுப் பின்னி வந்தது, ஓணான் நுழையலாம், ஆட்டுக்குட்டி நுழைய முடியாது. கொறங்காடுன்னா அதுல பாதி வேலைய வேலிதான் பாக்குது. காட்ட மூணு நாலு துண்டா கிளுவை வெச்சுப் பிரிச்சிருப்பாங்க, ஒரு துண்டுல மேயறப்ப இன்னொரு துண்டுல புல்லு ஏறும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு வளந்த புல்லு காஞ்சு நின்னு மாசி பங்குனி வரைக்கும் தாங்கும், அது தீந்தா வெள்வேல மரத்துக் காய் உதுந்து ஆட்டுக்கு ஆவும். ஆள் இல்லாம, தண்ணி பாய்ச்சாம, ஒரம் வெக்காம ஓடற பண்ணயம். வேலியில ஒரு எடத்துல பதினஞ்சு அடி தொறந்து விட்டா அந்தச் சுத்து மொத்தமும் போச்சு, அப்பறம் நாள் பூரா ஒரு ஆள் கோலோட நிக்கணும். கிரஷர்க்காரங்க கேட்டது இட்டேரியில ஒரு பக்க வேலிய எடுத்து இருவது அடி அகலம்.

அடுத்தது ரெக்கார்டு. அடங்கல்ல, அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்குல, வருசா வருசம் அந்த நம்பருக்கு "தரிசு". குவாரிக்குத் தயார் பண்ணின ரிப்போர்ட்டுல ஒரு படி மேல போய், சாகுபடிக்கு ஆவாத வெறும் பூமி, சொல்லிக்கற மாதிரி மரம் இல்லன்னு போட்டிருந்தாங்க. அண்ணன் அதக் கேட்டுட்டு, "அப்ப எம்பட மாடெல்லாம் இத்தன நாளா எதத் தின்னுச்சாமா?"ன்னாரு. சிரிக்கற விசயம் இல்ல இது. நஷ்டஈடுன்னு பேச்சு வந்தா காயிதத்துலதான் நிக்கும். சங்ககிரி சுண்ணாம்புக்கல்லு, சேலம் வெள்ளக்கல்லு மாதிரி பெரிய கனிமத்துக்கு மேல்பூமிக்காரனுக்கு நஷ்டஈடு கணக்குப் போடற விதி ஒண்ணு இருக்கு, 1960 விதிகள்ல 72, இப்ப 2016 விதிகள்ல 52: வெவசாய பூமின்னா அதே மாதிரி பூமியில போன மூணு வருசத்துச் சராசரி நிகர வருமானம். வெள்ளாமைக்கு அது சரி. கொறங்காட்டுக்கு அடங்கல்ல பயிரே இல்லாதப்ப வருமானம்னு எதக் காட்டறது? நம்ம கேஸ் சிறுகனிமம், அந்த விதி நேரா வராது, ஆனா ஆபீசுல கணக்குப் பாக்கற மனசு அதேதான்.

இதுக்கு வழி சொன்னது டெக்சாஸ் கேஸ் ஒண்ணு. 1971, ஒரு பக்கம் கெட்டி ஆயில் கம்பெனி, இன்னொரு பக்கம் ஒரு விவசாயி, 635 ஏக்கரா. அவரு தானா சுத்திச் சுத்தித் தண்ணி அடிக்கற பெரிய ஸ்ப்ரிங்க்ளர் போட்டிருந்தாரு, அதோட குழாய்க்கு அடியில ஏழு அடி ஒசரத்துக்கு மேல எதுவும் இருக்கக் கூடாது. கம்பெனி எண்ணெய் எடுக்க நட்ட பம்பு ஒண்ணு 17 அடி, இன்னொண்ணு 34 அடி. அந்த ஊரு சட்டப்படி அடியில இருக்கறவனுக்குத்தான் கை ஓங்கி, மேல எவ்வளவு எடம் தேவையோ எடுத்துக்கலாம். ஆனா அதே பூமியில கிணறு போட்ட வேற கம்பெனிங்க பம்ப குழிக்குள்ள எறக்கி வெச்சிருந்தாங்க, இன்னொருத்தங்க ஒசரம் கம்மியான ஹைட்ராலிக் பம்பு போட்டிருந்தாங்க. கோர்ட்டு என்ன சொல்லுச்சுன்னா, மேல இருக்கறவன் ஏற்கனவே ஒரு உபயோகம் பண்ணிட்டு இருந்து, அது கெட்டுப்போற நெலமை வந்து, அந்தத் தொழில்ல வழக்கத்துல இருக்கற வேற வழி இருந்தா, கீழ இருக்கறவன் அந்த வழியத்தான் எடுக்க வேண்டி வரலாம். ஆனா நிரூபிக்கற பாரம் மேல இருக்கறவன் தலையில. 2013ல அதே டெக்சாஸ்ல மாடு வளக்கறவரு ஒருத்தரு, வருசத்துக்கு ஒருக்கா மாட்ட ஒட்டுக்கா சேத்துப் பிரிக்க பட்டி போடற எடத்துல எக்ஸ்டிஓ எனர்ஜிங்கற கம்பெனி எரிவாயுக் கெணறு போட்டுருச்சுன்னு கேஸ் போட்டுத் தோத்துட்டாரு, வேற மாதிரி செய்யறது செலவு, தொந்தரவுன்னு மட்டும் சொன்னா பத்தாது, வேற வழியே சரிப்படாதுன்னு காட்டணும்னுட்டாங்க.

நம்ம கோர்ட்டுல இது எதுவும் கட்டுப்படுத்தாது. ஆனா பேச்சுவார்த்தைக்கு இதவிட நல்ல சட்டகம் எனக்குத் தெரியல. மேல என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு மொதல்ல நிரூபி, அப்பறம் வேற வழி காட்டு. கால்நடை மருந்தகத்துல ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்ட பதிவு வருசா வருசம் இருந்துச்சு, அதுல ஆட்டு எண்ணிக்கை இருக்கு. பால் சொசைட்டி பாஸ்புக்கு. காட்டுத் துண்டு ஒவ்வொண்ணையும் வேலியோட தேதி போட்டு வீடியோ. சர்வேயர வெச்சு இட்டேரி அகலத்த அளந்து சர்க்கார் அளவுப் படமான எஃப்எம்பி ஸ்கெட்ச்சோட ஒரு வரைபடம். தரிசுன்னு எழுதின பூமிக்கு இப்ப ஒரு ஃபைல் ஆச்சு.

வேற வழி தம்பி பூமியிலயே இருந்துச்சு. தெக்கால அவரு பங்குக்கு வந்த பூமி பாறை உட்பிரிவ ஒட்டுது, அது வழியா தடம் போட்டா இட்டேரியே வேண்டாம். தம்பி மொதல்ல ஒத்துக்கல, அது தென்ன வெச்ச பூமி, ஒரு வரிசை மரம் போயிரும். இதுல நான் அண்ணன் பக்கம்தான்: கல்லுக் காசு பாதி வாங்கறவன் மரமும் கொஞ்சம் கொடுக்கணும்.

இன்னொரு துருப்புச்சீட்டு சாளை, அதாவது காட்டுக்குள்ளயே இருக்கற வீடு. விதிப்படி குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள்ள குவாரி கூடாது. அண்ணன் சாளை அதுக்குள்ளதான் இருக்கு. ஆனா குடியிருப்புன்னா ரெவின்யூ ரெக்கார்டுல ஊரு நத்தம், வீட்டுமனைன்னு இருக்கணும், இல்லன்னா உள்ளாட்சியோ திட்டக் குழுமமோ அனுமதிச்ச மனையா இருக்கணும். நம்ம கொங்குல பாதிச் சனம் ஊருக்குள்ளயா இருக்கு, அவங்கவங்க காட்டுல சாளை போட்டுத்தான் குடியிருக்கோம், கணக்குல அது வெறும் புஞ்சை. அதனால அந்த 300 மீட்டரு நமக்கு நெனச்ச அளவு காப்பாத்தாது. இருந்தாலும் பஞ்சாயத்து வீட்டுவரி ரசீது இருந்துச்சு, ஆட்சேபணை போட்டா ஃபைல் இழுக்கும்னு கிரஷர்க்காரங்களுக்கும் தெரியும்.

கடைசியில கையெழுத்தான ஒப்பந்தம், ரிஜிஸ்டர் பண்ணினது. தடம் தெக்கால மட்டும். பக்கத்து பட்டாவுக்கு 7.5 மீட்டர் பாதுகாப்பு எடம் விடணும்னு எப்படியும் இருக்கு, கொறங்காட்டு ஓரத்துல அத 15ஆ எழுதினோம். மேல்மண்ணு வேற, கழிவுக்கல்லு வேற கொட்டணும், அதுவும் குறிச்ச ஒரு துண்டுல மட்டும். வெடி மத்தியானம் 1 மணியில இருந்து 2 மணிக்குள்ள, அந்நேரம் மாடு வடக்குத் துண்டுல இருக்கும். ஒவ்வொரு நடைச்சீட்டு நகலும் வாரக் கடைசியில ரெண்டு பங்காளிக்கும். கல்லுக் காசு சரிபாதி, அது போக மேய்ச்சலுக்குன்னு மாசாமாசம் ஒரு தொகை அண்ணனுக்கு மட்டும், ஏன்னா புல்லு அவருது. இதுக்கெல்லாம் மேல முக்கியமா ஒரு அட்வான்ஸ்: கிரஷர்க்காரங்க கணிசமா ஒரு தொகை கட்டணும், ஷரத்து மீறினா அதுல புடிச்சுக்கலாம்.

அந்த அட்வான்ஸ நான் ஏன் புடிச்சுட்டு நின்னேன்னா, சர்க்கார் குத்தகை கொடுத்ததுக்கு அப்பறம் "சம்மதத்த வாபஸ் வாங்கறேன்"னு சும்மா ஒரு மனு கொடுத்தா குத்தகை நிக்காது, தனியா சிவில் கோர்ட்டுக்குப் போகணும். பூமிக்காரனுக்கு பலம் இருக்கறது கையெழுத்துப் போடற வரைக்கும்தான். நம்மாளுங்க அந்த நேரத்துலதான் டன்னுக்கு அஞ்சு ரூவா எச்சாக் கேட்டுட்டு இருப்பாங்க, தடம், வேலி, வெடி நேரம் இதையெல்லாம் வாய்ப்பேச்சுல விட்டுருவாங்க.

ரெண்டு வருசம் தாண்டிருச்சு. தடம் பிரச்சனை தீந்துச்சு, இட்டேரி அப்படியே இருக்கு. வெடி நேரம் முக்காவாசி சரியாப் போவுது. தூசி தீரல. தடத்துல தண்ணி அடிக்கணும்னு எழுதியிருக்கு, மொதல் மாசம் டேங்கர் வந்துச்சு, அப்பறம் வரல, வெயில் காலத்துல தெக்குத் துண்டுப் புல்லு மேல சுண்ணாம்பு பூசின மாதிரி படிஞ்சு மாடு மூந்து பாத்துட்டுத் திரும்பிருச்சு. அட்வான்ஸ்ல ஒரு மாசத்துத் தொகையப் புடிக்கறோம்னு நோட்டீஸ் விட்டோம், மூணாம் நாளு டேங்கர் வந்துருச்சு. கனிமவளத்துறைக்கு எழுதின மனுவுக்கு இன்னும் பதில் இல்ல.

இப்ப புதுசா ஒண்ணு கெளம்பியிருக்கு. குழி ஆழமாகி ஊத்து வந்து தண்ணி நிக்குது. அண்ணன் சொல்றாரு, பாறைப் பள்ளத்துத் தண்ணி என்னைக்கும் மாட்டுக்குத்தான், அதனால இதுவும் மேய்ச்சல் பாத்தியத்துல சேந்தது. தம்பி சொல்றாரு, கல்லு எடுத்த குழி கல்லு பாத்தியத்துல சேந்தது, குத்தகை முடிஞ்சதும் டேங்கர் தண்ணி விக்கலாம், பாதி பாதி. 1968 பத்திரத்துலயும் இல்ல, நம்ம ஒப்பந்தத்துலயும் குழிக்கு வேலி போடணும்னு இருக்கே ஒழிய தண்ணி யாருக்குன்னு இல்ல. கிரஷர்க்காரங்க குத்தகைய நீட்டிக்கக் கேட்டிருக்காங்க, அதுக்கு மறுபடியும் ரெண்டு கையெழுத்தும் வேணும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போக மிச்சத் தண்ணியத்தான் விக்கலாம், மேற்கு ஓரத்துல மாடு எறங்கற சரிவு ஒண்ணு கிரஷர்க்காரங்க செலவுல வெட்டிக் கொடுக்கணும், குழி ஆழம் இத்தோட நிக்கணும்னு மூணு ஷரத்து எழுதிக் கொடுத்திருக்கேன். தம்பி மொத ரெண்டுக்கும் சரின்னுட்டாரு. ஆழத்துக்கு கிரஷர்க்காரங்க இன்னும் ஒத்து வரல.